ஆடியில் ஒரு பேரம்

ஊரும் சக்கரமும் – 11

"ஆடி மாசத்துல எவனாவது காரு பாக்கப் போவானா?" என்று கேட்டார் அத்தை. என் தங்கையின் மாமியார். சாலவாக்கத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். 2025 ஜூலைக் கடைசி.

"எவனும் போவமாட்டான், அதனாலதான் அத்தை நாங்க போறோம்" என்றேன். மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் காபி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் மச்சானுக்கும் நடுவில் பேசி அடிபட அவருக்கு விருப்பமில்லை.

ஆடியும் மார்கழியும் நம் ஆட்கள் வண்டி எடுக்காத மாதங்கள். ஆனால் கார் கம்பெனியின் காலண்டரில் ஆடி கிடையாது. ஜூலைக்கு இத்தனை, ஆகஸ்டுக்கு இத்தனை என்று டீலருக்கு டார்கெட் வந்துவிடும். டீலர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் கம்பெனியிடமிருந்து வண்டிகளை எடுத்து நிறுத்துகிறார். யார்டில் நிற்கும் ஒவ்வொரு வண்டியும் தினமும் வட்டி தின்கிறது. வாடிக்கையாளர் வராத மாதத்தில், அதிலும் மாதத்தின் கடைசி வாரத்தில் உள்ளே நுழைகிறவருக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. காபி கூட இரண்டாவது முறை வரும். மார்கழிக்கு இன்னொரு சலுகை உண்டு. டிசம்பர் 31 தாண்டினால் அந்த வண்டி 'போன வருஷத்து வண்டி' ஆகிவிடும். பத்து வருஷம் வைத்து ஓட்டப் போகிறவருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. மூன்று வருஷத்தில் விற்பவர்தான் யோசிக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் அப்பா மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர். தோளில் கிடக்கும் துண்டைக் கையில் போட்டு, அதற்குள் தரகர் விரலைப் பிடித்து விலை பேசிய தலைமுறை. சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் விலை தெரியாது, பேசுகிற இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஷோரூமில் இது தலைகீழ். விலைப் பட்டியல் ஊருக்கே தெரியும். டீலருக்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் துண்டுக்குள் இருக்கிறது. அந்தத் துண்டுக்குள் நம் விரலுக்கு இடமில்லை.

சாலவாக்கத்தில் கார் ஷோரூம் கிடையாது. காஞ்சிபுரம் போகலாம், செங்கல்பட்டு போகலாம், இல்லாவிட்டால் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துத் தாம்பரம் வரை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். (வரி வருவதற்குப் பல காலம் முன்பே சாலைக்கு அந்தப் பெயர். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.) இதில் ஒரு வேடிக்கை. ஹூண்டாய் வண்டிகள் செய்கிற இருங்காட்டுக்கோட்டை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது, 1998இல் சான்ட்ரோ அங்கிருந்துதான் வந்தது. 2010இல் திறந்த ரெனோ நிசான் ஆலை ஒரகடத்தில். ஊரைச் சுற்றிக் கார் செய்கிறார்களே, நமக்குக் கொஞ்சம் மலிவாகக் கிடைக்காதா என்று மாப்பிள்ளை கேட்டார். கிடைக்காது. நெல் விளைகிற ஊரில் அரிசி மலிவாகவா கிடைக்கிறது?

ஷோரூம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கம்பெனிகளைப் பார்த்துவிட்டு வந்து குழம்புகிறார்கள். முதலில் வண்டியை முடிவு செய்துவிட வேண்டும். பிறகு ஒரே கம்பெனியின் மூன்று டீலர்களைப் பார்க்க வேண்டும், அதுவும் வேறு வேறு முதலாளிகளின் கடைகளாக. ஒரே முதலாளிக்கு நாலு ஊரில் கிளை இருந்தால் அது நாலு கடை இல்லை, ஒரு கடைதான். டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூம் வாசலில் வழுவழுப்பான நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பார்ப்பதும் வீண். நாங்கள் வண்டியைச் சாலவாக்கத்துக்கே வரச் சொன்னோம். வந்தார்கள். கல்குவாரி டிப்பர்கள் தின்ற சாலையில், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஊருக்கு ஊர் போட்டிருக்கும் வேகத்தடைகளில் அடி தட்டுகிறதா என்று பார்த்தோம். ஒரு இடத்தில் தட்டியது. அத்தை பின்சீட்டில் இருந்தபோது மட்டும்தான் தட்டியது என்று மாப்பிள்ளை சொன்னதை இங்கே எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பது விலையைவிடப் பெரிய கேள்வி. மாப்பிள்ளைக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரிடம் இருந்தது ஃபோர்டு ஃபிகோ, மறைமலைநகரில் செய்த வண்டி. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்டபோது, துக்க வீட்டில் பேசுகிற குரலில் ஒரு விலை சொன்னார்கள். கடைசியில் அதை உத்திரமேரூரில் தெரிந்த மெக்கானிக் மூலம் வெளியே விற்றோம், ஷோரூம் சொன்னதைவிட 35,000 ரூபாய் கூட. 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' என்று தனியாக ஒரு தொகையைக் காட்டி, பழைய வண்டியின் விலையில் அதைக் கழித்துவிடுவது பழைய வித்தை. இரண்டையும் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, கொட்டேஷனுக்கு வருவோம். முதல் ஷோரூமில் கொடுத்தது விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிய ஒரே ஒரு எண். "ஆன் ரோடு இவ்ளோ வரும் சார்." எனக்கு உத்திரமேரூர் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்தக் குடவோலை விதிகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் திரும்பப் போட்டியிட முடியாது. பக்கத்து ஊரில் ஆயிரத்து நூறு வருஷமாகச் சுவரில் இருக்கிற விதி. கணக்கை வரி வரியாக எழுதித் தராத கடையை நாங்களும் அங்கேயே கழித்துவிட்டோம்.

வரி வரியாக எழுதினால் என்ன தெரியும்? எக்ஸ்-ஷோரூம் விலை, இதில் ஜி.எஸ்.டி. அடக்கம். அடுத்து சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் பத்து லட்சம் என்ற கோட்டைக் கவனியுங்கள். 9,99,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,870. 10,01,000 ரூபாய் வண்டிக்கு 1,80,180. இரண்டாயிரம் ரூபாய் ஏற்றம் ஐம்பதாயிரத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது. போதாததற்குப் பத்து லட்சம் தாண்டினால் டி.சி.எஸ். ஒரு சதவீதம் வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், கணக்குத் தாக்கல் செய்கிறவருக்கு. கொஞ்சம் பெரிய மாடல், கொஞ்சம் பெரிய ஸ்கிரீன் என்று விற்பனைப் பையன் மேலே ஏற்றிக்கொண்டே போகும்போது இந்தக் கோடு எங்கே என்று கண் இருக்க வேண்டும்.

அடுத்தது இன்சூரன்ஸ். பேரம் நடப்பதற்கு உண்மையில் இடம் இருப்பது இங்கேதான். புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும், 2018 செப்டம்பரிலிருந்து அப்படி. 1000 முதல் 1500 சிசி வரையுள்ள வண்டிக்கு அது 10,640 ரூபாய் பிளஸ் வரி. அரசு நிர்ணயித்த தொகை, எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. "வெளிய எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்பார்கள். அந்த சர்வீஸ் சென்டர் எந்தெந்த இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று கேட்டால் பட்டியல் நீளமாக வரும்.

எங்களுக்கு யாருமே சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பழைய வண்டிக்குக் கிளெய்ம் வாங்காமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, ஆளோடு வரும். வண்டியை விற்ற ஆதாரத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கிவிட்டால், புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கழியும். மாப்பிள்ளையிடம் முழு ஐம்பதும் இருந்தது. ஷோரூம்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நாங்களாகக் கேட்டபோது, "ஓ, அது இருக்கா சார்?" என்றார். என் ஆயுளில் நான் கேட்ட வியப்புகளில் அதுவும் ஒன்று.

இன்னும் கீழே போனால் 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'எசென்ஷியல் கிட்', அடிப்பாகப் பூச்சு, மேட். கம்பெனியிலிருந்து யார்டு வரை வண்டி வருகிற செலவு எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே அடக்கம். பிறகு யார், எதை, எங்கே 'ஹேண்டில்' செய்தார்கள்? மாப்பிள்ளை இதையே கேட்டார், அவர் பாணியில்: "தம்பி, நெல்லு போடப் போனா எங்க கிட்டதான் மூட்டை தூக்கக் கூலி வாங்குறாங்க. இங்க வாங்க வந்தாலும் எங்ககிட்டயேவா?" 8,500 ரூபாய் அந்த ஒரு கேள்வியில் போயிற்று.

ஆனால் எக்ஸ்-ஷோரூம் விலையில் மட்டும் கல்லைப் போல நின்றார்கள். "கம்பெனி ஆஃபர் 30,000 சார், அதுக்கு மேல நான் குடுத்தா எனக்கு ஃபைன்." பொய் சொல்கிறார் என்று நினைக்கத் தோன்றும். முழுப் பொய் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இதற்காகத்தான். அனுமதித்ததைவிட அதிகத் தள்ளுபடி தரும் டீலர்களைக் கண்டுபிடிக்க வாடிக்கையாளர் வேஷத்தில் ஆள் அனுப்பி, பிடிபட்ட டீலருக்கும் அவருடைய ஊழியருக்கும் தண்டம் போட்டார்கள் என்று ஆணையம் சொன்னது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. அதற்கு முன் 2017இல் ஹூண்டாய்க்கும் இதே மாதிரியான புகாரில் ஆணையம் 87 கோடி விதித்தது, மறுவருஷம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. ஆக, எதிரே டை கட்டி உட்கார்ந்திருக்கும் பையன், நம்மையும் யாரோ அனுப்பிய ஆளாக இருக்குமோ என்றுகூடப் பார்க்கலாம். அவனோடு மேல் வரியில் மல்லுக்கட்டிப் பயனில்லை. கீழே உள்ள வரிகளில் அவனுக்கும் நமக்கும் இடம் இருக்கிறது.

மூன்று கடைக் கொட்டேஷன்களையும் வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் போனில் பேசினோம். நேரில் போனால் வண்டி கண்ணை மயக்கும். செங்கல்பட்டுப் பக்கத்துக் கடை படிந்தது. புக்கிங் பணம் கட்டினோம். அங்கே ஒரு சிக்கல்: ஆஃபர், புக்கிங் தேதிக்கு இல்லை, பில் போடும் தேதிக்கு. "பில்லை ஆடியில போட்டுட்டு, சாவியை ஆவணி மொத முகூர்த்தத்துல வாங்கிக்கலாம்" என்று நான் ஒரு சமரசம் சொன்னேன். அத்தை ஒரே வார்த்தையில் முடித்தார். "பில்லுதானே வண்டி? வேணாம்."

மாப்பிள்ளை அம்மா பக்கம் சாய்ந்தார். 30,000 ரூபாய் போயிற்றே என்று நான் இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

ஆடி முடிய ஓரிரு நாள் இருக்கையில், ஆகஸ்ட் 15 அன்று, செங்கோட்டையிலிருந்து பிரதமர் ஜி.எஸ்.டி. குறைப்பு வரும் என்றார். செப்டம்பர் 3 அன்று கவுன்சில் முடிவெடுத்தது. நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் எஞ்சினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு, செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது, செப்டம்பர் 22 முதல். மாப்பிள்ளை தேர்ந்தெடுத்தது அந்த வகை. ஏழு லட்ச ரூபாய் வண்டி என்று வைத்துக்கொண்டால் எக்ஸ்-ஷோரூமில் ஏறக்குறைய 59,700 குறையும், அதற்கேற்பச் சாலை வரியில் 7,700 சொச்சம். நான் ஒரு மாதம் தொண்டை வற்றப் பேசியும் அசையாத மேல் வரி, டெல்லியில் ஒரு கூட்டத்தில் அசைந்தது.

விஜயதசமிக்கு டெலிவரி எடுத்தோம். ஷோரூமில் நிற்க இடமில்லை. ஆஃபர் என்ற பேச்சே இல்லை, காபியும் இல்லை. ஆனால் எழுதி வாங்கியிருந்ததால் இன்சூரன்ஸும், நோ கிளெய்ம் போனஸும், கழித்த ஹேண்ட்லிங் சார்ஜும் அப்படியே நின்றன. முந்தின நாளே யார்டுக்குப் போய்ச் சேஸிஸ் எண்ணின் பதினேழு எழுத்துகளையும் பில்லோடு ஒப்பிட்டு, ஃபார்ம் 22இல் தயாரித்த மாதத்தைப் பார்த்துவிட்டோம். கூட்ட நாளில் மாலை போட்ட வண்டியைக் குனிந்து பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிவிட்டு வண்டி வெளியே வந்தது. முன்சீட்டில் அத்தை. எனக்குப் பின்சீட்டு.

"ஆடியில வேணாம்னு நான் சொன்னப்ப யாரு கேட்டீங்க?" என்றார், திரும்பிப் பார்க்காமலேயே. மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சாலவாக்கம் நெருங்க நெருங்க எதிரே டிப்பர்கள் வரிசை கட்டி வந்தன. புது வெள்ளைக் காரின் மேல் கல்தூள் படியத் தொடங்கியது. "கண்ணாடிய ஏத்துடா" என்றார் அத்தை.

(தொடரும்)