உப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் எனக்கு வந்த உப்பு நீல நிறம். காப்பர் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மீதி பாதி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையைத் துடைக்கிற சாக்கில் வந்த லேப் அண்ணன், ‘சல்பேட்’ என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார். அப்புறமென்ன, ரெக்கார்டு நோட்டில் இருந்த சோதனைகளை வரிசையாக எழுதினேன். செய்யாத சோதனைக்கு ‘வெண்ணிற வீழ்படிவு உண்டாகிறது’ என்று எழுதிய கை இது. முழு மார்க் வந்தது.

ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) டிப்ளமோ பற்றி எழுதச் சொன்னதும் அந்த நீல உப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. 1968-ல் ஜெனீவாவில் பிறந்த பாடத்திட்டம். நம் மாநிலத்துக்கு ஒன்றும் புதிதல்ல. கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியில் 1976-லேயே வந்துவிட்டது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் லீவுக்கு வரும்போது இப்போது மஞ்சக்குப்பத்துத் திண்ணையிலும் இந்த இரண்டு எழுத்து அடிபடுகிறது. பேரனுக்கு 45-க்கு 38 என்றால் தாத்தாவுக்கு முகம் சுருங்குகிறது. ஆறு பாடம், பாடத்துக்கு ஏழு, ஆக 42; மற்ற மூன்று எதற்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அந்த மூன்று மதிப்பெண் இரண்டு வேலைகளுக்கு. ஒன்று, ‘உனக்கு இது தெரியும் என்கிறாயே, எப்படித் தெரியும்?’ என்று குடைகிற அறிவுக் கோட்பாட்டுப் பாடம். இன்னொன்று, மாணவர் தானே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டிய 4,000 சொல் கட்டுரை. இரண்டில் ஒன்றில் ‘ஈ’ கிரேடு வாங்கினாலும், மற்றதில் என்ன எடுத்திருந்தாலும் டிப்ளமோ கிடையாது. கட்டுரை முடிந்ததும் வழிகாட்டி ஆசிரியர் எதிரே உட்காரவைத்து, ஏன் இந்தக் கேள்வி, எங்கே தடுக்கியது என்று கேட்பார். அறிவியல் பாடங்களிலும் சோதனையை மாணவரே வடிவமைக்க வேண்டும். மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு. காதில் வந்து ‘சல்பேட்’ சொல்ல அங்கே ஆளில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் பிள்ளைக்கு அந்த 4,000 சொல் கிடைத்தால் எதை எழுதும்? சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக பிச்சாவரம் போய்ப் பாருங்கள். வாய்க்கால் ஓரமெல்லாம் சுரபுன்னை, முட்டுக்கொடுத்தது போன்ற வேர்களோடு நிற்கும். அதற்குப் பின்னால், சேற்றிலிருந்து ஆணி ஆணியாகக் குத்திட்டு நிற்கிற வேர்களோடு வெண்கண்டல். ஏன் இது முன்னால், அது பின்னால்? வெண்கண்டல் இலையைப் பறித்து நாக்கில் வையுங்கள், கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வெளியே தள்ளுகிறது. இது நோட்டில் இல்லாத உப்பு. இந்த மாதிரிக் கேள்விகளோடு வாழ்கிற ஆய்வாளர்கள் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலேயே இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே போக டவுன் பஸ் போதும். போகச் சொல்கிற பாடத்திட்டம்தான் இல்லை.

ஒரு காலத்தில் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இருந்த பாலம் கல்லூரிக்குள்ளேயே இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன் பி.யூ.சி. என்று ஒரு வருஷம் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்து பழகினான். 1978-ல் ப்ளஸ் டூ வந்தபோது அது பள்ளிக்கூடத்துக்கு வந்து, கொஞ்ச நாளில் கட்ஆஃப் கணக்காகிவிட்டது. ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலே இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடம் நடத்திய பள்ளிகளுக்காகத்தான் 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். இப்போது அதையும் எடுத்தாயிற்று. புக் பேக், ஒன் வேர்ட், சென்டம் இதெல்லாம் வீட்டு வார்த்தைகள். ‘ஒரு கேள்வி கேள்’ என்பது மட்டும் தேர்வில் வராத கேள்வி.

நம் பாடத்திட்டத்தில் படித்தவர்கள்தானே உலகம் முழுக்க வேலை பார்க்கிறார்கள் என்பார்கள். பார்க்கிறார்கள், மறுக்கவில்லை. ஐ.பி.க்கு வருஷத்துக்குப் பல லட்சம் ஆகும், ரிசல்ட் ஜூலையில்தான் வரும் என்பதும் உண்மைதான்.

என் கவலை வேறு. சொந்தமாக ஒரு பக்கம் எழுதாமலே பள்ளியை முடித்த பிள்ளை கல்லூரியில் என்ன செய்யும்? பார்த்து எழுதும். அசைன்மென்ட், செமினார், ரெக்கார்டு எல்லாமே சீனியர் நோட்டிலிருந்து. கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் என்று ஒன்று வரும்போது பார்த்து எழுதக்கூட நேரமிருக்காது. இப்போது செல்போனில் கேட்டால் அதுவே எழுதித் தந்துவிடுகிறது. ஐ.பி. பள்ளிகளும் இதில் தப்பவில்லை, அங்கேயும் காசு கொடுத்துக் கட்டுரை வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் எதிரே உட்காரவைத்துக் கேட்கிற அந்த அரை மணி நேரத்தில் கொஞ்சமாவது வேர்க்கும்.

போன மார்ச்சில் சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கவுன்டரில் ஈரப் பசை வாசனையோடு கருநீலப் பைண்டிங்குகள் அடுக்கியிருந்தன, மேலே தங்க எழுத்து. கடைக்காரர் கம்ப்யூட்டரில் வருஷவாரியாக ஃபோல்டர்கள். “டைட்டில் சொல்லுங்க, பேர் மாத்திடலாம்” என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று காப்பி வாங்க வந்த எம்.பி.ஏ. தம்பி முதல் பக்கத்தைத் திறந்து, தன் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். தலைப்பு, பிச்சாவரம் சுற்றுலாப் பயணிகளின் திருப்தி. உள்ளே நூறு பேரிடம் கேட்டதாக அட்டவணை, வண்ண வண்ணமாக வட்ட வரைபடம்.

“பிச்சாவரம் போயிட்டு வந்தீங்களா தம்பி?” என்றேன்.

“இல்ல சார், வைவா முடிஞ்சதும் ஃப்ரெண்ட்ஸோட போலாம்னு இருக்கோம்” என்றவர், பில்லுக்குக் காசு எண்ணிக்கொண்டே கேட்டார்: “போட்டுக்கு இப்போ எவ்வளவு சார் வாங்குறாங்க?”