நான்கு டிராக்கில் ஒரு தனி ஆல்பம்

பால் மெக்கார்ட்னியின் முதல் தனி ஆல்பமான 'மெக்கார்ட்னி' 1970 ஏப்ரல் 17 அன்று இங்கிலாந்தில் வெளியானது. பாடல்களை எழுதிப் பாடியவரும், கிட்டார், பேஸ், பியானோ, டிரம்ஸ் என எல்லாவற்றையும் வாசித்தவரும் அவரே. துணைக்குரல் மட்டும் மனைவி லிண்டாவுடையது.

1969 செப்டம்பரில், மெக்கார்ட்னியும் தாமும் இருந்த பீட்டில்ஸ் குழுவை விட்டு விலகப் போவதாக ஜான் லெனான் மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். செய்தி வெளியே கசியவில்லை. நொறுங்கிப்போன மெக்கார்ட்னி ஸ்காட்லாந்தில் உள்ள தம் பண்ணையில் சில காலம் ஒதுங்கியிருந்தார். பிறகு லண்டன் திரும்பி, ஆண்டின் கடைசியில் செயின்ட் ஜான்ஸ் வுட் வீட்டிலேயே ஒரு 'ஸ்டூடர்' ஒலிப்பதிவு இயந்திரத்தை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

அது நான்கு டிராக் இயந்திரம். ஒரே நாடாவில் நான்கு தடங்கள் பக்கம் பக்கமாக ஓடும். முதல் தடத்தில் கிட்டாரும் குரலும் பதிந்தால், அதைக் காதில் கேட்டபடியே இரண்டாவதில் டிரம்ஸ், மூன்றாவதில் பேஸ் என்று ஒருவரே ஒரு குழுவாகிவிடலாம். ஒலிகளைச் சீர்செய்யும் மிக்ஸர் அங்கே இல்லை; ஒலியளவு காட்டும் மீட்டரும் இல்லை. மைக்கை நேராக இயந்திரத்தில் செருகி, அதைத் தள்ளியும் நெருக்கியும் வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டியிருந்தது. இயந்திரத்தைச் சோதிக்கப் பாடிய, ஒரு நிமிடம்கூட நீளாத 'தி லவ்லி லிண்டா'வே ஆல்பத்தின் முதல் பாட்டாக அமைந்தது.

எல்லாமே புதிய பாடல்கள் அல்ல. 'ஜங்க்', 'டெடி பாய்' இரண்டும் 1968இல் பீட்டில்ஸ் ரிஷிகேஷில் தங்கியிருந்தபோது உருவானவை. வீட்டுப் பதிவு ஓரளவு முடிந்ததும் மார்கன் ஸ்டூடியோவுக்கும், பின்னர் அபே ரோடு ஸ்டூடியோவுக்கும் வேலை நகர்ந்தது. விஷயம் வெளியே தெரியாமலிருக்க 'பில்லி மார்ட்டின்' என்ற பெயரில் ஸ்டூடியோ முன்பதிவு செய்யப்பட்டது. ஆல்பத்தின் சிகரமான 'மேபி ஐயாம் அமேஸ்ட்' அபே ரோடில் பதிவானது. பியானோவில் தொடங்கிக் குரல் உச்சம் தொடும் அந்தப் பாட்டில், குழு உடைந்த நாட்களில் தம்மைத் தாங்கிப் பிடித்த மனைவிக்கு அவர் சொல்ல நினைத்ததெல்லாம் இருக்கிறது. வீட்டுப் பதிவுகளின் கரடுமுரடோடு ஒப்பிட்டால் அதன் செய்நேர்த்தி தனித்துத் தெரியும்.

வெளியீட்டிலும் சிக்கல். பீட்டில்ஸின் 'லெட் இட் பி' ஆல்பம் வர இருந்ததால் இந்த ஆல்பத்தைத் தள்ளிப்போட குழுவின் மற்ற மூவரும் விரும்பினர். அதைச் சொல்லும் கடிதத்தோடு வந்த, மூவரில் ஒருவரான ரிங்கோ ஸ்டாரை மெக்கார்ட்னி கோபத்தில் வெளியேற்றிவிட்டார். தேதி மாறவில்லை. ஆல்பத்துக்காகப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய கேள்வி-பதில் தாளிலிருந்து, குழு பிரிந்த செய்தி ஏப்ரல் 10 அன்று உலகெங்கும் பரவியது.

அமெரிக்காவில் ஆல்பம் முதலிடம் பிடித்தது, இங்கிலாந்தில் இரண்டாமிடம். அரைகுறை வேலை என்று விமர்சகர்கள் பலர் குறை சொன்னார்கள். குறை உண்மைதான். 'இது போதாது' என்று சொல்லப் பக்கத்தில் லெனான் இல்லை, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் இல்லை. ஆனால் பெரும் புகழ் பெற்ற கலைஞர் ஒருவர் பூச்சு எதுவுமின்றிப் பாடுவதைக் கேட்க முடிந்ததும் அதனால்தான். இதே தனியாள் முறையில் 1980இல் 'மெக்கார்ட்னி 2', கொரோனா ஊரடங்கின்போது பதிவான 'மெக்கார்ட்னி 3' 2020 டிசம்பரில் என மேலும் இரண்டு ஆல்பங்கள் வந்தன.