நாமினி பெயர் எதற்கு?

கழுத்தில் நெறி கட்டியதைப் பல்வலியால் வந்தது என்றுதான் நினைத்தோம். கட்டியில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதித்ததில் லிம்போமா என்று வந்தது, நிணநீர்ப் புற்றுநோய். அதில் வகைகள் ஏராளம். எனக்கு வந்திருப்பது வேகமாக வளரும் 'பெரிய பி செல்' வகை. ஆனால் முழுக்கக் குணமாகவும் வாய்ப்புள்ள வகை. 'ஆர்-சாப்' என்ற மருந்துக் கூட்டை 21 நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை ஏற்றுவார்கள். பத்தில் ஆறு பேருக்கு அதிலேயே சரியாகிவிடும் என்றார் மதுரை டாக்டர். கூடவே, "மருத்துவ ஆய்வு ஒன்று நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம்" என்றார்.

மகன் போனில் சத்தம் போட்டான்: "உங்களை வச்சுச் சோதிச்சுப் பாக்கப்போறாங்கப்பா." என் மனைவியோ, "புது மருந்துன்னா பழசைவிட நல்லாத்தானே இருக்கும்" என்றாள்.

டாக்டரிடம் கேட்டேன். "புதுசுதான் நல்லதுன்னு தெரிஞ்சா ஆய்வே நடத்தக் கூடாதே. தெரியாததாலதான் நடத்துறோம்" என்றார். 'சாப்' பழைய கூட்டு. அதைவிடக் கடுமையான மூன்று கூட்டுகள் வந்தபோது, அவைதான் மேல் என்று பலரும் நம்பினார்கள். அமெரிக்காவில் 899 பேரிடம் ஒப்பிட்டார்கள். 1993-இல் வந்த முடிவு: பலன் ஒன்றுதான், பக்கவிளைவுதான் கூடுதல். 2002-இல் வந்த பிரெஞ்சு ஆய்வு நேரெதிர். 60 முதல் 80 வயதுக்குட்பட்ட 399 பேரில் பாதிப் பேருக்கு 'சாப்'புடன் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களில் 70 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள், மற்றவர்களில் 57. ஆர்-சாப்பின் முதல் எழுத்து அப்படி வந்ததுதான்.

எனக்குச் சொன்னது மூன்றாம் கட்ட ஆய்வு. பாதுகாப்பான அளவைத் தேடுவது முதல் கட்டம், கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பது இரண்டாவது, வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுவது மூன்றாவது. இதில் எல்லோருக்கும் ஆர்-சாப் உண்டு. கூட ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு அது மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும், டாக்டருக்கும் தெரியாது. இங்கேதான் என் மனம் மாறியது. எந்தப் பக்கம் விழுந்தாலும், சேராவிட்டால் கிடைக்கிற சிகிச்சை கைவிட்டுப் போகாது. நோய் திரும்பி வந்து, முதல் கட்ட ஆய்வுக்கு அழைத்திருந்தால் நான் போடும் கணக்கே வேறு.

சும்மா கிடைப்பதும் இல்லை. புது மாத்திரையின் பக்கவிளைவு முழுதாக யாருக்கும் தெரியாது. கூடுதல் ரத்தப் பரிசோதனைகள், விருதுநகரிலிருந்து கூடுதல் பஸ் பயணங்கள். பயணப்படி தருகிறார்கள், களைப்புக்குப் படி கிடையாது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னார்கள். எல்.ஐ.சி. ஏஜென்டாக நாமினி பெயர் கேட்டே பிழைத்தவன் நான். இதிலும் அந்தக் கட்டம் இருந்தது. ஆய்வினால் உயிர் போனால் இழப்பீடு யாருக்கு என்பதற்காக. 2019-ஆம் வருட விதிகள் அப்படிக் கேட்கின்றன. அதைப் பார்த்ததும் என் மனைவி கட்சி மாறிவிட்டாள். "பாலிசி எடுத்தவனெல்லாம் செத்தாபோனான்?" என்றேன். சிரிக்கவில்லை.

கையெழுத்துக்கு முன்னால் டாக்டரிடம் ஒன்று கேட்டேன்: "நடுவில் விலகினால் ஆர்-சாப் நிற்குமா?" நிற்காது என்றார். எழுதித் தாருங்கள் என்றேன். படிவத்தைப் புரட்டி 11-ஆம் பக்கத்தைக் காட்டினார், அச்சிலேயே இருந்தது. நாமினி கட்டத்தில் மனைவி பெயரை எழுதிக் கொடுத்தேன்.