மூன்று பூட்டுப் பெட்டி

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில், மராடி பகுதிக் கிராமப் பெண்களிடையே கேர் தொண்டு நிறுவனம் 1991இல் ஒரு சேமிப்பு முறையைத் தொடங்கியது. வெளியிலிருந்து கடனோ மானியமோ கிடையாது. உறுப்பினர் போடும் பணமே முதல். வாராவாரம் கூடி, எல்லோர் முன்னிலையிலும் எண்ணி வைப்பார்கள். பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய வடிவத்தில் பெட்டிக்கு மூன்று பூட்டுகள், சாவிகள் மூவரிடம். அந்தப் பணத்திலிருந்து உறுப்பினர் வாங்கும் கடனின் வட்டியும் குழுவுக்கே சேரும். ஏறத்தாழ ஓராண்டு முடிவில் எல்லாம் பங்கு பிரிக்கப்படும். நம் ஊர் ஏலச்சீட்டைப் போலத் தோன்றினாலும் இதில் ஏலத் தள்ளுபடி இல்லை.

பங்கு பிரிக்கும் நாளை விதைப்புக்குச் சற்று முன்பாக வைத்துக்கொள்வதில்தான் சூட்சுமம். விதை, உரம் வாங்கக் கையில் காசு இருக்கும்.

ஆனால் அறுவடையானதும், விலை சரிந்து கிடக்கும்போதே கம்பை விற்றுக் கடன் அடைக்கும் நெருக்கடியைச் சேமிப்பு மட்டும் தீர்த்துவிடாது. அதற்கு அங்கே ‘வாரண்டாஜ்’ எனும் கிடங்குக் கடன் உண்டு. தானியத்தை அடமானமாகக் கிடங்கில் வைத்துப் பணம் பெறும் விவசாயி, சில மாதம் கழித்து விலை ஏறியபின் விற்றுக் கடனைத் தீர்க்கிறார். கிடங்கின் ஒரு சாவி விவசாயிகளிடம், மற்றொன்று கடன் கொடுத்தவரிடம். விலை ஏறாத ஆண்டில் மட்டும் கணக்கு பொய்த்துவிடும். வட்டியும் கிடங்குச் செலவும் விவசாயி தலையில்தான் விழும்.