நாடு கடத்திச் செல்லப்படும் பிள்ளையும் நீதிமன்றின் நியாயாதிக்கமும்

பிள்ளையொன்றின் பாதுகாப்புக் குறித்துக் கண்டி நீதவான் நீதிமன்றில் விசாரணை நடைபெறுகையில் பெற்றோர் அதனை விமானமேற்றி விட்டால், அந்நீதிமன்றின் நியாயாதிக்கம் யாதாகும்? 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டம், பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையைத் தகுதிவாய்ந்த வேறொருவரிடம் ஒப்படைக்க இடமளிக்கின்றது. ஆயின் பிறநாட்டு நீதிமன்று மதித்தாலன்றி, அக்கட்டளை கடலுக்கு அப்பால் வெறும் கடதாசியே.

இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புவது 1980ஆம் ஆண்டின் ஹேக் சமவாயம். இலங்கை 2001இல் அதில் இணைந்து, அவ்வாண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தையும் இயற்றியது. கட்டுக்காப்பு உரிமையை மீறி அகற்றப்பட்ட 16 வயதுக்குட்பட்ட பிள்ளை, அதன் வழமையான வதிவிட நாட்டுக்குத் திருப்பியனுப்பப்பட வேண்டும் என்பதே அதன் சாரம்.

எனினும், தாயும் தந்தையும் பிள்ளைக்காகப் பிணங்கும் காட்சியே சமவாயத்தை ஆக்கியோர் மனத்தில் மேலோங்கியிருந்தது எனலாம். பெற்றோர் இருவர்மீதுமே ஐயம் எழுந்துள்ள வழக்கில் பிள்ளையைத் திருப்பிக் கேட்பவர் யார்? கட்டுக்காப்பு உரிமை நிறுவனமொன்றுக்கும் உரியதாகலாம் என்கிறது 3ஆம் உறுப்புரை. பிரித்தானியப் பிரபுக்கள் சபை 2000இல் இதனை மேலும் விரித்தது. தந்தையின் விண்ணப்பம் அயர்லாந்து நீதிமன்றொன்றின் முன் இருக்கையில் தாய் பிள்ளையை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற வழக்கு அது. விசாரிக்கும் நீதிமன்றுக்கே அவ்வுரிமை உண்டு எனத் தீர்க்கப்பட்டது. பெற்றோரின் பிணக்கில் பிறந்த இக்கோட்பாடு, அரசு பாதுகாவலாக நிற்கும் வழக்குக்கு இன்னும் பொருந்தும் என்பது எம் கருத்து. ஆனால் விண்ணப்பம் தாக்கலாகும் முன்னரே பிள்ளை சென்றுவிட்டால் அவ்வுரிமை பிறப்பதேயில்லை. ஆகவே நன்னடத்தை அலுவலகத்தில் கோவை உறங்கும் ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும்.

மலையகத் தமிழருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. அவர்களது உறவினர் பலர் வாழும் தமிழ்நாடு, சமவாயத்தில் இணையாத இந்தியாவின் பகுதி. அங்கு ஆட்கொணர்வு மனுவே வழி. இந்திய உச்ச நீதிமன்றம் 2009இல் ஒரு பிள்ளையை அமெரிக்காவுக்குத் திருப்பியனுப்பப் பணித்தது. 2017இலோ, வெளிநாட்டுக் கட்டளை கவனிக்கத்தக்க காரணிகளுள் ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலனே முதன்மையானது என்றது. கொடுமைக்குத் தப்பியோடிய தாய்க்கு இது அரணாகும். பாதுகாப்பு வழக்கிலிருந்து ஓடியவருக்கும் அதுவே அரணாகலாம்: நலன் ஆராயப்படும் காலத்திலேயே பிள்ளை புதிய மண்ணில் வேரூன்றிவிடும். அதனாற்றான் முதல் தவணையிலேயே பிள்ளையின் கடவுச்சீட்டை நீதிமன்றில் ஒப்படைக்கப் பணிப்பதும், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அறிவிப்பதும், பின்னர் பெறப்படும் எத்தீர்ப்பையும்விடப் பயன் தருவன.