குஞ்சுக் கொட்டகை: சூடும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும்

மார்கழி, தை மாதங்களில் நாட்டரசன்கோட்டை பகுதியில் விடியற்காலைப் பனி இறங்கும். தாய்க்கோழி இல்லாமல் வளர்க்கும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளை முதல் வாரத்தில் காப்பது செயற்கை வெப்பமே.

தகடு அல்லது அட்டையால் ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டத் தடுப்பு அமையுங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே குவிந்து நசுங்கும். தரையில் இரண்டு அங்குலம் கடலைத்தோல் பரப்பி, மேலே காகிதம் விரியுங்கள்.

குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் குண்டு பல்பு போடுங்கள். எல்.இ.டி. பல்பு போதிய சூடு தராது. ஒரே பெரிய பல்பைவிட இரண்டு நல்லது. ஒன்று பியூஸ் போனாலும் மற்றொன்று எரியும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. பிறகு வாரம் 5 டிகிரி குறையுங்கள். பல்பைச் சற்று உயர்த்தினால் போதும்.

குஞ்சுகளைக் கவனியுங்கள். பல்புக்கடியில் குவிந்தால் சூடு போதவில்லை. ஓரம் ஒதுங்கி வாய் திறந்து இரைத்தால் சூடு அதிகம். பரவலாகத் திரிந்து தீவனம் தின்றால் சரி.

பல்பை மின்வயரில் தொங்கவிடாதீர்கள், சங்கிலியில் கட்டுங்கள். அறுந்து விழுந்தால் கடலைத்தோல் பற்றிக்கொள்ளும். மின்தடையின்போது கரிச்சட்டி வைத்தால், கொட்டகையை முழுக்க மூடக்கூடாது. புகை தெரியாத தணலிலும் நச்சு வாயு உண்டு. குஞ்சுகளோடு, உள்ளே படுத்திருப்பவரையும் அது கொல்லும்.

சந்தேகம் இருந்தால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம்.