ஈறு நலம் பேணுவோம்

பல்லில் வலி எழும்போதுதான் நம்மில் பலர் பல் மருத்துவரை நாடுகிறோம். பற்சொத்தை முற்றினால் வலி அதனை அறிவித்துவிடும். ஈறு நோயோ பெரும்பாலும் வலியின்றியே வளர்கிறது. பல் ஆடத் தொடங்கிய பிறகே பலர் அதனை உணர்கின்றனர். அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பின் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும். வலி தோன்றும்வரை காத்திராமல் ஈறுகளைப் பேண வேண்டியது ஏன் என்பதை இங்குக் காண்போம்.

பற்படலமும் பற்காரையும்

பல்லின் வேர் தாடை எலும்பின் குழியில் பொருந்தியுள்ளது. வேரையும் எலும்பையும் நுண்ணிய நார்த்திசுக்கள் பிணைக்கின்றன. இவற்றை மூடிக் காக்கும் உறையே ஈறு. பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள சிறு பள்ளம் இயல்பாகவே உண்டு.

பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் பற்களின்மீது மீண்டும் படியத் தொடங்குகின்றன. அவை பெருகி, ஒட்டும் தன்மையுள்ள பற்படலமாகின்றன. இதனை நாள்தோறும் அகற்றாவிட்டால், உமிழ்நீரிலுள்ள கால்சியம், பாஸ்பேட் ஆகியவை அதில் சேர்ந்து, அது பற்காரையாக இறுகுகிறது. பற்படலத்தைத் தூரிகையால் நீக்கலாம். பற்காரையை நீக்க இயலாது. அதன் சொரசொரப்பான பரப்பு மேலும் படலம் படிய இடமளிக்கிறது.

மீளக்கூடிய நிலை

பாக்டீரியாக்களை எதிர்த்து உடல் போராடும்போது ஈறு சிவந்து வீங்குகிறது. பல் துலக்கும்போது குருதி கசிகிறது. இதுவே ஈறு அழற்சி. இதன் காரணத்தைத் தெளிவுபடுத்திய ஆய்வு 1965ஆம் ஆண்டு வெளிவந்தது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹாரால்ட் லோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் அதனை நிகழ்த்தினர். நலமான ஈறுகளை உடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் பல் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் நலமடைந்தன. பற்படலமே அழற்சிக்குக் காரணம் என்பதையும், தொடக்க நிலையில் அதனை முழுமையாகக் குணப்படுத்தலாம் என்பதையும் இவ்வாய்வு நிறுவியது.

மீளாத இழப்பு

அழற்சி ஆழமாகப் பரவினால் ஈறு பல்லைவிட்டு விலகும். இடைப்பள்ளம் ஆழமான பையாக மாறும். தூரிகை எட்டாத அப்பையினுள் பாக்டீரியாக்கள் பெருக, நார்த்திசுக்கள் சிதையும், எலும்பு கரையும். இவ்வாறு இழந்த எலும்பு தானாக வளர்ந்து மீள்வதில்லை.

இந்நிலை எவ்வாறு வளர்கிறது என்பதை அறிய, லோவின் குழுவினர் 1970 முதல் 1985 வரை இலங்கையில் ஓர் ஆய்வை மேற்கொண்டனர். இரு தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 தமிழ்த் தொழிலாளர்கள் அதில் இடம்பெற்றனர். பல் மருத்துவமும் பல்நலக் கல்வியும் அவர்களை எட்டியிருக்கவில்லை. ஏறத்தாழ அனைவருக்குமே ஈறு அழற்சி இருந்தது. அவர்களுள் சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து வளர்ந்தது; 45 வயதுக்குள் அவர்கள் எல்லாப் பற்களையும் இழந்தனர். சுமார் 81 விழுக்காட்டினருக்கு மிதமாக வளர்ந்தது. அவ்வயதில் அவர்கள் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கு நோய் ஈறு அழற்சியைக் கடந்து செல்லவில்லை.

அதே காலத்தில், முறையான பல் மருத்துவம் பெற்றுவந்த நார்வே நாட்டு மாணவர்களும் கல்வியாளர்களும் ஆராயப்பட்டனர். 40 வயதை நெருங்கியபோது, பல்லைச் சூழ்ந்த திசுப்பிடிப்பில் அவர்கள் இழந்தது சராசரியாக 1.5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தோட்டத் தொழிலாளர் இழந்ததோ 4.5 மில்லிமீட்டர். இரு சாராரின் உணவும் வாழ்நிலையும் வேறுபட்டவை. எனினும், மருத்துவம் எட்டாத இடத்தில் இழப்பு எவ்வளவு பெரிதாகும் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

மருத்துவரின் பணி

நோய் யாருக்கு விரைந்து வளரும் என்பதைக் கண்ணாடியில் பார்த்து அறிய முடியாது. பல் மருத்துவர் மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கருவியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் பள்ளத்தின் ஆழத்தை அளப்பார். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட ஆழம் கவனிக்கத்தக்கது. எலும்பின் நிலையை எக்ஸ் கதிர்ப் படம் காட்டும்.

பின்னர் அதிர்வுக் கருவியாலும் கைக்கருவிகளாலும் பற்காரை அகற்றப்படும். ‘ஸ்கேலிங்’ என நாம் அறிந்திருப்பது இதுவே. பை ஆழமாக இருந்தால், மரத்துப்போக ஊசியிட்டு, ஈற்றுக்குக் கீழுள்ள வேர்ப்பரப்பும் தூய்மை செய்யப்படும். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளக்கும்போது பை சுருங்காதிருந்தால் அறுவை மருத்துவம் தேவைப்படலாம். சிகிச்சைக்குப் பின்னும் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் தொடர்ந்து சோதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

பற்காரையை அகற்றினால் பற்கள் ஆட்டங்காணும் என்னும் அச்சம் மக்களிடையே உண்டு. பற்களுக்கு இடையே தோன்றும் இடைவெளி மருத்துவம் உண்டாக்கியதன்று. எலும்பும் ஈறும் முன்னரே இழந்த இடத்தைக் காரை அடைத்திருந்தது. அதனை நீக்கியதும் இடைவெளி வெளிப்படுகிறது. காரையை அப்படியே விட்டுவைத்தால்தான் பற்கள் மேலும் ஆடும்.

நம் கடமை

ஆலங்குச்சியாலும் வேப்பங்குச்சியாலும் பல் துலக்கிய மரபினர் நாம். நாள்தோறும் படலத்தை அகற்றும் அப்பழக்கத்தை இன்று மென்மையான தூரிகையால் தொடரலாம். காலையிலும் இரவிலும் இரண்டு நிமிடங்கள், தூரிகையை ஈற்றின் விளிம்பை நோக்கிச் சாய்த்து மெல்லத் துலக்க வேண்டும். பற்களின் இடுக்குகளைப் பல்லிடை நூலாலோ சிறு தூரிகையாலோ தூய்மை செய்யலாம். கரித்தூளும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்த்துவிடும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

குருதி கசிவதைக் கண்டு பல் துலக்குவதை நிறுத்துவது நோயை வளர்க்கும். புகைப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தும் குருதிக்கசிவு குறைவாகத் தோன்றலாம். அதனால் நோய் மறைந்தே வளரும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதபோது ஈறு நோய் மிகும். ஈறு நோய் முற்றினால் குருதிச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இவர்கள் கூடுதல் விழிப்புடன் இருத்தல் நன்று.

தூரிகையில் படியும் சிறு குருதித்துளி, நோய் மீளக்கூடிய நிலையில் இருக்கும்போதே கிடைக்கும் எச்சரிக்கையாக இருக்கலாம். அதனைப் பொருட்படுத்தி உரிய காலத்தில் மருத்துவரை அணுகுவோர், தம் பற்களை முதுமையிலும் காத்துக்கொள்ளும் வாய்ப்பைப் பெறுவர்.